தடைக்காலத்தில் வரும் இலவசப் பயிற்சி அழைப்பு: சேருமுன் இதைப் படியுங்கள்

பாம்பனில் விசைப்படகுத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் கரையோர இளைஞர்கள் வருமானமின்றி வீட்டில் இருப்பார்கள் என்பதை நன்கு அறிந்தவர்கள், அந்த நாள்களில்தான் வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு ஆள் சேர்க்க வருகிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஒருவரை நம்பி, இராமநாதபுரத்தில் இயங்கிய ஒரு தனியார் பயிற்சி மையத்தில் சேர்ந்து ஏமாந்தேன்.

"தம்பி, கமுதி சோலார் பிளான்டுக்கே ஆள் பத்தல. மூணு மாசம் படிச்சா வேலை உறுதி" என்றார் அவர். கமுதியில் 2016ஆம் ஆண்டு முதல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்கிவருவதை எங்கள் மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. ஆகையால் சந்தேகம் எழவில்லை. பதிவுக் கட்டணம், சீருடை, தேர்வு என்று மூன்று முறையாக 3,500 ரூபாய் வாங்கினார்கள். ரசீது தரவில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மூலச் சான்றிதழ்களையும் "சரிபார்ப்புக்கு" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

2014இல் தொடங்கப்பட்ட தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்யா யோஜனாவின் கீழ்தான் அந்தப் பயிற்சி நடப்பதாகச் சொன்னார்கள். கிராமப்புற ஏழை இளைஞர்களுக்கான அந்தத் திட்டத்தில் பயிற்சி பெறுபவர் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. பயிற்சிக்கான செலவை அரசே மையத்துக்குத் தவணைகளாகக் கொடுக்கிறது; பயிற்சி முடித்தவர்களில் குறைந்தது 70 விழுக்காட்டினரை வேலையில் அமர்த்த வேண்டும் என்பதும், மூன்று மாதம் ஊதியம் பெற்றால்தான் அது வேலையாகக் கணக்கிடப்படும் என்பதும் அதன் விதிகள். விதி நல்ல விதிதான். ஆனால் அதை நிறைவேற்றியதாகக் காட்ட என்ன செய்கிறார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

முப்பது பேருக்கு ஒரே ஒரு சோலார் பேனல், அதுவும் கடைசி வரை எதனுடனும் இணைக்கப்படாமல் சுவரில் சாய்ந்தே கிடந்தது. மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரில் பேட்டரி இல்லை. காலையில் வருகைப் பதிவுக்கு விரல்ரேகை வைத்ததும் பதினொரு மணிக்கு வகுப்பை முடித்துவிட்டு, மாலை நான்கு மணிக்கு மறுபடியும் விரல்ரேகை வைக்க மட்டும் வரச் சொல்வார்கள். வலைக்கயிறு இழுத்துத் தேய்ந்த எங்கள் விரல்களை அந்தக் கருவி எளிதில் ஏற்காது. ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து, ஐந்தாறு முறை அழுத்திப் பதிவு விழும்வரை பொறுமையாக நிற்பார் பயிற்றுநர். பாடம் நடத்துவதில் அந்தப் பொறுமையில் பாதியைக்கூட அவரிடம் நான் கண்டதில்லை.

வேலை என்று அனுப்பியது ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குவதற்கு. 11,000 ரூபாய் என்று சொன்ன சம்பளத்தில் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் பிடித்தம் போக 6,800 ரூபாய்தான் கைக்கு வரும் என்று அங்கே போன பிறகு சொன்னார்கள். 24ஆம் நாள் ஊர் திரும்பினேன். சான்றிதழ்களைக் கேட்டு என் தாயார் இரண்டு முறை இராமநாதபுரத்துக்குப் பேருந்தில் போய் வெறுங்கையுடன் வந்தார். மூன்றாம் முறை நானே போனபோது, மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளை என்முன் வைத்து, கையெழுத்திட்டால்தான் தருவோம் என்றார்கள். மூன்றிலும் என் பெயர் இருந்தது.

நான் கையெழுத்திடவில்லை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன்; முதல்வரின் உதவி எண் 1100இலும் பதிவுசெய்தேன். பதினெட்டு நாளில் சான்றிதழ்கள் திரும்பி வந்தன. பணம் இன்றுவரை வரவில்லை. என்னுடன் படித்த சிலர் சான்றிதழுக்காகக் கையெழுத்திட்டுவிட்டு இப்போது படகில் போகிறார்கள். அரசின் கணக்கில் அவர்கள் வேலை பெற்றவர்களாகவே இருப்பார்கள். சம்பளச் சீட்டைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பயிற்சி முடித்தவரின் வீட்டுக்கு வந்து ஒரு முறை விசாரித்திருந்தால் இது அன்றே வெளிப்பட்டிருக்கும்.

இந்த ஆண்டும் எங்கள் மீன் இறங்குதளத்தில் அதே மாதிரி அழைப்புத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். போக நினைப்பவர்கள் மூலச் சான்றிதழைக் கொடுக்காமல் நகலை மட்டும் கொடுங்கள். பணம் கேட்டால் எந்தத் திட்டம், எந்த ஆணை என்று எழுத்தில் கேளுங்கள். முந்தைய அணியில் படித்த இருவரின் தொலைபேசி எண்ணை வாங்கி, அவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று விசாரித்த பிறகே விரல்ரேகை வையுங்கள்.