பெயரும் கடையும் ஒரே நிறுவனத்திடமிருந்து: உபகுத்தகை எடுப்போர் கவனத்துக்கு

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு வெதுப்பக நிறுவனத்தின் கிளையை நடத்தும் உரிமையைப் பெற்ற நான், கடையையும் அதே நிறுவனத்திடமிருந்தே உபகுத்தகைக்கு, அதாவது அவர்கள் குத்தகைக்கு எடுத்ததை அவர்களிடமிருந்து மறுபடி குத்தகைக்கு, எடுத்தேன். காணிச் சொந்தக்காரரிடம் தாங்கள் எடுத்த குத்தகைக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருப்பதாக முகாமையாளர் சொன்னார். அந்தக் குத்தகையின் மூல உறுதியைக் கேட்டதற்கு, அது கொழும்புத் தலைமையகத்தில் இருப்பதாகக் கூறி, முதல் பக்கத்தின் நிழற்பிரதியை மட்டும் தந்தார்கள்.

போறணை, கண்ணாடி அலுமாரி, தரையோடு, மும்முனை மின்னிணைப்பு எல்லாம் என் செலவு. வாடகையை மாதந்தவறாமல் நிறுவனத்தின் கணக்கில் வைப்பிலிட்டு வந்தேன். ஒருநாள் காணிச் சொந்தக்கார ஐயா பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு கடைக்கு வந்து, "தம்பி, மாசக் கணக்கா எனக்கு ஒரு சதமும் வரேல்லை, உறுதியும் தையோட முடிஞ்சுது" என்றார். கடைசியாகக் கிழித்த பற்றுச்சீட்டின் அடிக்கட்டையையும் காட்டினார். அவரிடமிருந்த முழு உறுதியிலோ, தமது எழுத்துமூலச் சம்மதமின்றி எவருக்கும் உபகுத்தகை கொடுக்கலாகாது என்ற வாசகம் இருந்தது. அந்தப் பக்கத்தைத்தான் எனக்கு மறைத்திருக்கிறார்கள்.

நிறுவனத்திடம் விளக்கம் கேட்டபோது, கிளை உரிமையை ரத்துச் செய்து, உரிமை முடிந்தால் உபகுத்தகையும் அன்றே முடியும் என்ற நிபந்தனையைக் காட்டி வெளியேறச் சொன்னார்கள். நான் கொடுத்த முற்பணம் இன்னும் திரும்பி வரவில்லை. மீள்குடியேறி, நகையை அடகு வைத்துத் தொழில் தொடங்கும் குடும்பங்களிடம் இப்படி நடந்துகொள்வது பெரும் அநியாயம்.

மூலக் குத்தகை முடிந்த பிறகும் தொடரும் உபகுத்தகையை எந்த நிறுவனத்தாலும் தர முடியாது. ஆகவே முழு உறுதியையும் வாசியுங்கள். அது பதியப்பட்டுள்ளதா என்று காணிப் பதிவகத்தில் தேடுங்கள். உபகுத்தகையில் சொந்தக்காரரின் சம்மதக் கையொப்பத்தையும் பெறுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். நிறுவன முத்திரை குத்திய தாள் அதற்கு ஈடாகாது. வன்னியில் பல கடைகள் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் வழங்கிய காணிகளில் நிற்பதால், பிரதேச செயலகத்திலும் விசாரிப்பது அவசியம், ஏனெனில் உரிய அனுமதியின்றிச் செய்த கைமாற்றம் அங்கே செல்லாது.

இதே நிலையில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் வங்கி வைப்புச் சீட்டுகளையும் தளபாடச் செலவுப் பற்றுச்சீட்டுகளையும் பத்திரப்படுத்தி, கடைத் திறப்பைக் கையளிக்கும் முன்னரே சட்டத்தரணி ஒருவரைச் சந்தியுங்கள்.