ஆன்டிகுவாவில் பஸ் டிக்கெட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

குவாத்தமாலா போகிற திட்டம் இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. 950 கெட்சால் போச்சு, நம்ம பணத்தில் கிட்டத்தட்ட பத்தாயிரம் ரூபாய்.

ஆன்டிகுவாவிலிருந்து வடக்கே ஃப்ளோரெஸ் போக வேண்டும். திக்காலின் மாயா கோயில்களைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தங்குவார்கள். தலைநகரிலிருந்தே சுமார் 500 கிலோமீட்டர், ராத்திரி முழுக்கப் பஸ். நல்ல பஸ்ஸாக ஏறலாம் என்று மத்தியப் பூங்காவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டிராவல்ஸ் கடைக்குப் போனோம். அங்கிருந்த அம்மா காபி கொடுத்து உட்காரவைத்தார். எங்கள் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஏசி, சாயும் சீட்டு, கழிப்பறை என்று போட்டோ காட்டினார். தலைநகர் வரை வேன், அங்கிருந்து பஸ், திரும்பி வரவும் டிக்கெட், இரண்டு பேருக்கும் சேர்த்து 950. "ராத்திரியில் அந்த ஊரில் நீங்கள் அலையக் கூடாது, எங்கள் டிரைவரே பஸ்ஸில் ஏற்றிவிடுவார்" என்றார். பெற்ற தாய் மாதிரி அக்கறை! அதைக் கேட்டுத்தான் பணத்தை எண்ணி வைத்தோம்.

டிரைவர் தலைநகரின் சோனா 1 பகுதியில் பஸ் கம்பெனி வாசலில் பைகளை இறக்கிவைத்துவிட்டுப் போயே போய்விட்டார். கவுன்டரில் எங்கள் பெயரே இல்லை. எங்கள் கையில் இருந்தது டிக்கெட்டே இல்லையாம், கடைக்காரர் எழுதிக்கொடுத்த வெறும் ரசீதாம். போட்டோவில் பார்த்த பஸ்ஸில் இடமும் இல்லை. அந்த நேரத்தில் மூட்டை முடிச்சோடு எங்கே போவது? சாதாரண பஸ்ஸுக்கு மறுபடி காசு கொடுத்து ஏறினோம். ஏசி கிடையாது, சீட்டு சாயாது. ரியோ துல்சே, போப்துன் என்று வழியெல்லாம் நிறுத்தினார்கள். விடிந்து, ஃப்ளோரெஸுக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற சாந்தா எலெனாவில் இறங்கும்போது முழங்கால் நிமிரவில்லை.

கடைக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டால் "பஸ் கம்பெனியைக் கேளுங்கள்". கம்பெனியில் கேட்டால் "டிக்கெட் விற்ற கடையைக் கேளுங்கள்". அப்புறம் "நாளைக்கு முதலாளி பேசுவார்". அதற்கப்புறம் வெறும் நீல டிக். திரும்பும் டிக்கெட்டும் இதே கதைதான், அதற்கும் கைக்காசு போட்டு வந்தோம். நேரில் போனால் காபி கொடுத்த அம்மாவைக் காணோம். ஒரு பையன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் "அவங்க லீவு" என்கிறான். புகார்ப் புத்தகம் கொடு என்றேன். அதைக் கடையில் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். முதலாளி வீட்டில் இருக்கிறதாம்! 950 கெட்சாலை வாங்கிப் போட்டுக்கொண்டு என்ன திமிர்!

விவரமாக யோசனைகள் எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. பஸ் கம்பெனி கவுன்டரிலேயே வாங்குங்கள். சீட் நம்பர் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். திரும்பும் டிக்கெட்டை அந்தந்த ஊரில் எடுத்துக்கொள்ளலாம். ஃப்ளோரெஸ் பாலத்துக்கு முன்னால் வண்டியில் ஏறி டூர் விற்கிறவர்களிடம் பேச்சே வேண்டாம். சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண் 1500. கார்டு வாங்க மாட்டோம், ரொக்கம்தான் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், காபியைக்கூடக் குடிக்காமல்.