டச்சு ஊர்களில் பூட்டன் தேடல்: ஹேக்கில் தங்கி ரயிலில் போவதா, காரில் ஊர் ஊராகச் சுற்றுவதா?

இலங்கைப் பறங்கியர் குடும்பங்களில் ஒரு வரி தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும்: இன்னார், இன்ன ஊர்க்காரர், இன்ன கப்பலில், இன்ன வருடம் வந்து இறங்கினார். 1908-இல் கொழும்பில் தொடங்கிய டச்சு பர்கர் யூனியன் தன் சஞ்சிகையில் அச்சிட்ட வம்சாவளிகள் பலவும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மெல்பர்னிலிருந்தோ டொரண்டோவிலிருந்தோ நெதர்லாந்துக்குக் கிளம்புகிறவர்கள் இப்போது அதிகம். அவர்கள் முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஹேக் நகரில் ஒரே அறையில் தங்கி, தேவைப்படும் ஊருக்கு ரயிலில் போய்த் திரும்புவது ஒன்று. ஸ்கிபோல் விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்து, ஊருக்கு இரண்டு இரவு என்று நகர்ந்துகொண்டே போவது இன்னொன்று. ஆற்றுக் கப்பல் சுற்றுலா என்று மூன்றாவதும் விற்கிறார்கள். ஊரில் சில மணி நேரம் இறக்கிவிட்டு ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. வேடிக்கை பார்க்கச் சரி, தேடலுக்கு உதவாது.

எங்கள் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஹேக்கும் ரயிலும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு இதுதான் பொருந்தும். எப்போது பொருந்தாது என்பதையும் கீழே சொல்கிறோம்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நான்கு பேர் சேர்ந்து போனால் தலைக்குக் கார்தான் மலிவு. ஒருவர் இருவர் என்றால் ரயில். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு ரயில் மேடைப் படிகளைவிடக் கார் நிம்மதி. ஆனால் பழைய நகர மையங்களில் நிறுத்தக் கட்டணம் கழுத்தை நெரிக்கும்; ஆம்ஸ்டர்டாம் மையத்தில் மணிக்கு 7.50 யூரோவைத் தாண்டும். நகர எல்லையில் உள்ள பார்க் அண்ட் ரைட் இடங்களில் விட்டுவிட்டு டிராமில் உள்ளே போக வேண்டியதுதான். அப்படியானால் கார் எதற்கு என்ற கேள்வி தானாக வரும்.

இதெல்லாம் இரண்டாம்பட்சம். தீர்மானிக்கிற விஷயம் ஒன்றே ஒன்று: அடுத்த ஊர் எது என்பதை, கையில் இருக்கும் ஆவணம்தான் சொல்லும். கிளம்பும் முன் போடுகிற ஊர்ப் பட்டியல் பாதி வழியில் மாறிவிடும். ஓட்டல்களுக்கு முன்பணம் கட்டி வரிசைப்படுத்திய கார்ப் பயணம் அந்த மாற்றத்தைத் தாங்காது.

ஏன் மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, கம்பெனியின் கப்பல் சம்பளப் பேரேட்டில் ஒரு பக்கத்தைப் பார்த்தால் போதும். கப்பல் ஏறிய ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கணக்கு உண்டு. தலைப்பில் பெயர், சொந்த ஊர், பதவி. கீழே பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். பற்றில் அநேகமாக முதலில் நிற்பது 150 கில்டர் கடன் சீட்டு: கப்பல் புறப்படும்வரை சோறும் படுக்கையும் கொடுத்து வைத்திருந்த விடுதிக்காரருக்குச் சேர வேண்டிய பணம். அதையடுத்து சிலருக்கு மாதச் சீட்டு இருக்கும். ஊரில் விட்டுப்போன மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ வருடத்துக்கு மூன்று மாதச் சம்பளம் வரை கொடுக்கச் சொல்லி எழுதிய சீட்டு அது. அந்த வரியில் மனைவியின் பெயரோ தாயின் பெயரோ இருந்தால் பிடி கிடைத்துவிட்டது. கணக்கின் முடிவில் அவர் எப்போது, எங்கே, ஏன் வேலையை விட்டார் என்பதும் இருக்கும்: இறந்தார், திரும்பினார், அங்கேயே விடுவிக்கப்பட்டார்.

இதில் மூன்று கண்ணிகள் உண்டு.

முதலாவது, ஆள் எடுத்த கிளை வேறு, பிறந்த ஊர் வேறு. கம்பெனிக்கு ஆறு கிளைகள்: ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க்கில் இருந்த ஸீலாந்துக் கிளை, டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹௌசன். ‘ஹோர்ன் கிளைக் கப்பலில் போனவர்’ என்பது குடும்பக் கதையில் நாளடைவில் ‘ஹோர்ன்காரர்’ ஆகிவிடும். பேரேட்டைத் திறந்தால் சொந்த ஊர் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் என்று இருக்கும். 18-ஆம் நூற்றாண்டில் கம்பெனிச் சிப்பாய்களில் பெரும்பகுதி ஜெர்மன் பகுதிகளிலிருந்து வந்தவர்கள்தான். மாலுமிகளில் ஸ்காண்டிநேவியர்களும் உண்டு. டச்சு வேர் தேடிப் போய் ஜெர்மன் கிராமத்தில் முடிவது இங்கே சர்வ சாதாரணம்.

இரண்டாவது, எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர். ‘பெர்கன்’ என்று இருந்தால் அது நார்வேயில் இருப்பதா, வட ஹாலந்தில் கடலோரம் இருப்பதா, தெற்கே பெர்கன் ஆப் ஸூமா என்று பேரேட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மாதச் சீட்டு, உடன் போனவர்கள், திருமணப் பதிவு என்று வேறொன்று கைகொடுக்க வேண்டும்.

மூன்றாவது, குடும்பப் பெயர். எல்லோரும் நிலையான குடும்பப் பெயரைப் பதிந்தாக வேண்டும் என்று நெப்போலியன் ஆணையிட்டது 1811 ஆகஸ்டில்தான். அதற்கு முன் சாதாரண ஜனங்களில் பலருக்குத் தகப்பன் பெயரே அடையாளம். ஆகவே ‘யான்ஸ்’, ‘பீட்டர்ஸ்’ போன்ற பெயரை மட்டும் போட்டுத் தேடினால் கடலில் ஊசி தேடுகிற கதைதான். பெயர், கப்பல், புறப்பட்ட வருடம் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால்தான் ஆள் ஒருவராவார். பேரேடுகளும் 18-ஆம் நூற்றாண்டுக்குத்தான் செழிப்பாக இருக்கின்றன. 1700-க்கு முன் போனவர்களுக்கு மிஞ்சியிருப்பது மிகக் கொஞ்சம்.

இப்போது இரண்டு வழிகளையும் இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை மதியம் உங்கள் ஆள் ஹோர்ன்காரர் அல்ல, ஆம்ஸ்டர்டாமில் கல்யாணம் செய்தவர் என்று தெரிகிறது. ஹேக்கில் இருப்பவருக்குப் புதன் காலை வேறு ரயில், அவ்வளவுதான். கார்க்காரருக்கு ஹோர்னில் இரண்டு இரவு கட்டிய பணம் போகும், அல்லது வேலையில்லாமல் அந்த ஊரில் இரண்டு நாள் சுற்ற வேண்டும். அழகான துறைமுகம்தான், மறுக்கவில்லை.

காப்பக நேரங்களும் இதையே பேசுகின்றன. ஊர்க் காப்பகங்கள் பலவற்றில் வாசிப்புக்கூடம் வாரத்தில் சில நாட்கள்தான் திறந்திருக்கும். திங்களன்று மூடியிருப்பது அடிக்கடி நடக்கும். மூல ஆவணம் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். ஓர் ஊருக்கு இரண்டு நாள் மட்டும் ஒதுக்கியவர் அந்த இரண்டு நாளும் கதவு மூடியிருந்தால் என்ன செய்வார்? ஒரே இடத்தில் தங்கியவர் நாட்களை இடம் மாற்றிக்கொள்வார்.

சரி, ஏன் ஹேக்? ஆறு கிளைகளின் தாள்களும் இன்று ஹேக்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2003-இல் இடம்பெற்றவை. கட்டடம் மத்திய ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. ஆனால் அந்தப் பேரேட்டைத் தொட்டுப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் டிக்கெட் எடுக்காதீர்கள். பேரேடுகள் ஸ்கேன் செய்து இணையத்தில் போடப்பட்டுவிட்டன. ஸ்கேன் ஆனவற்றின் மூலத்தைப் பொதுவாக வாசிப்புக்கூடத்தில் தருவதில்லை. வீட்டிலிருந்தே பார்த்துவிட்டு, ஸ்கேன் ஆகாத கட்டுகளின் எண்களை மட்டும் குறித்து, அவற்றை முன்பதிவு செய்துகொண்டு போங்கள். தென் ஹாலந்து மாகாணத்துப் பழைய நீதிமன்ற, நோட்டரி ஆவணங்களில் கணிசமானவை இதே கட்டடத்தில் இருப்பது கூடுதல் லாபம். பென்சில் மட்டுமே அனுமதி, பையும் கோட்டும் லாக்கரில்.

ஹேக்கின் இன்னொரு பலம் தூரம். டெல்ஃப்டுக்குக் கால் மணி, ராட்டர்டாமுக்கு அரை மணிக்குள், ஆம்ஸ்டர்டாமுக்கு ஏறக்குறைய ஒரு மணி. மிடில்பர்க் சுமார் ஒன்றே முக்கால் மணி. ஹோர்ன் ஒன்றரை மணிக்கு மேல். கடைசி இரண்டும் ஒரு நாளில் போய்வரக் கொஞ்சம் இழுக்கும், ஆனாலும் முடியும்.

ஊர்களில் அதிகம் கொடுப்பது ஆம்ஸ்டர்டாம். தேவாலயத்தில் கலியாண ஓலை வாசிப்பதற்கு, அதாவது நடக்கவிருக்கும் திருமணத்தைச் சபையில் அறிவிப்பதற்கு, முன் எழுதி வைத்த பதிவேடுகள் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1811 வரை இருக்கின்றன. பெயர் அட்டவணையை இணையத்திலேயே தேடலாம். மாப்பிள்ளையின் ஊர், வயது, தொழில், குடியிருந்த தெரு, பெற்றோர் இருக்கிறார்களா இல்லையா என்று எல்லாம் அதில் வரும். உங்கள் பூட்டன் இந்த ஊர்க்காரராக இல்லாவிட்டாலும், கப்பலேறும் முன் இங்கே கல்யாணம் செய்திருந்தால் பேரேட்டின் ‘பெர்கன்’ எந்தப் பெர்கன் என்பது இங்கேதான் தெளியும். ஜெர்மன்காரர் என்றால் சீர்திருத்தத் திருச்சபைப் பதிவேட்டோடு நிற்காமல் லூத்தரன் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். நகரக் காப்பகம் வைசல்ஸ்ட்ராட் தெருவில் டி பாசல் என்ற பழைய வங்கிக் கட்டடத்தில் இருக்கிறது.

மிடில்பர்க்கில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 1940 மே 17 அன்று நகர மையம் எரிந்தபோது நகரின் பழைய ஆவணங்களில் பெரும்பகுதி சாம்பலாயிற்று, ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் உட்பட. விசித்திரம் என்னவென்றால், ஸீலாந்துக் கிளையின் சம்பளப் பேரேடுகள் ஹேக்கில் பத்திரமாக இருக்கின்றன. ஆகவே மிடில்பர்க்காரரைத் தேட மிடில்பர்க்கில் நான்கு நாள் தங்குவது வீண். ஒரு நாள் ஸீலாந்துக் காப்பகத்துக்குப் போய், அழிந்தவற்றுக்கு ஈடாக என்ன சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று அங்குள்ளவர்களிடம் கேட்டு வந்தால் போதும். எங்க்ஹௌசனுக்குப் போகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த ஊர்ப் பதிவுகளைப் பார்க்கப் போக வேண்டியது ஹோர்னில் உள்ள மேற்கு ஃப்ரீஸ்லாந்துக் காப்பகத்துக்கு. டெல்ஃப்டைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தில் இருக்கிறது, ஒரு பிற்பகல் போதும்.

காரை விரும்புகிறவர்கள் சொல்லும் முக்கியக் காரணம் கல்லறைகள்: கிராமம் கிராமமாகப் போய்ப் பெயர் தேடலாமே என்பது. நெதர்லாந்தில் இது பெரும்பாலும் ஏமாற்றம்தான். அங்கே கல்லறை இடம் குறிப்பிட்ட வருடங்களுக்கு வாடகை, புதுப்பிக்காவிட்டால் எடுத்துவிடுவார்கள். 1829-இல் தேவாலயத்துக்குள் புதைப்பது தடை செய்யப்படும்வரை வசதியுள்ளவர்கள் தரைக்கல்லுக்கு அடியில் போனார்கள். சிப்பாயின் தகப்பனுக்குக் கல் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. 17, 18-ஆம் நூற்றாண்டு டச்சுக் கல்லெழுத்து வேண்டுமென்றால் பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், கொழும்பு வொல்வெண்டால் தேவாலயம் ஆகிய இடங்களில் தேடுவதுதான் புத்திசாலித்தனம். அந்தக் கற்களில் பலவற்றில் பிறந்த ஊரும் செதுக்கப்பட்டிருக்கும். டச்சு நாட்டுக்கு டிக்கெட் போடும் முன் பார்க்க வேண்டியவை அவை.

கார் நிஜமாகவே ஜெயிக்கும் இடங்களும் உண்டு. ஸீலாந்தின் தென்கோடியான ஸீலாந்து ஃபிளாண்டர்ஸில் பயணிகள் ரயிலே கிடையாது. கடல்வாய்க்கு அடியில் 2003-இல் திறந்த சுரங்கப்பாதையில் 2025 ஜனவரி முதல் சுங்கமும் இல்லை என்பதால் கார்தான் அங்கே ராஜா. ட்ரென்டா, க்ரோனிங்கன் கிராமங்களில் பேருந்து உண்டு, ஆனால் ஞாயிறு என்றால் காத்துக் கிடக்க வேண்டும். ஆள் எம்டன் பக்கத்து ஜெர்மன்காரர் என்று தெரிந்துவிட்டால் எல்லை தாண்டவும் கார் வசதி. வாடகை ஒப்பந்தத்தில் வெளிநாட்டுக்கு ஓட்டிப்போக அனுமதி உண்டா என்று முதலிலேயே பாருங்கள். லிம்பர்க் பக்கமும் கார்தான் நல்லது என்று சொல்கிறார்கள். அங்கே எங்கள் பழக்கம் குறைவு, அழுத்திச் சொல்ல மாட்டோம்.

ஆக, ஊர் உறுதியான பிறகு கடைசி இரண்டு நாளுக்கு மட்டும் கார் எடுப்பது நல்ல கலவை. ஸ்கிபோலில் எடுக்காமல், மிடில்பர்க், க்ரோனிங்கன் என்று அந்தப் பகுதி ஊரிலேயே எடுங்கள். இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டைக் கிளம்பும் முன் உங்கள் ஊரிலேயே வாங்கிவிடுங்கள்; உங்கள் உரிமம் எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்து வாடகை நிறுவனம் கேட்கும். வலப்பக்கம் ஓட்டும் நாடு; வலது பக்கம் திரும்பும்போது கூடவே நேராக வரும் சைக்கிளுக்கு வழிவிட வேண்டும். இலங்கை, இந்திய ஓட்டுநர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

ரயிலில் தடுமாறும் இடம் வேறு. டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. கான்டாக்ட்லெஸ் வங்கி அட்டையை ஏறும்முன் ஒருமுறை, இறங்கியபின் ஒருமுறை தட்டினால் போதும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே அட்டையைத் தட்ட முடியாது. உள்ளே அட்டையைத் தட்டிவிட்டு வெளியே வரும்போது அதே கணக்கு உள்ள போனைத் தட்டினாலும் இயந்திரம் இரண்டையும் வெவ்வேறாகத்தான் எடுத்துக்கொள்ளும், இரண்டுக்கும் தண்டம் போகும். வடக்கே ரயில் கம்பெனி மாறும் நிலையங்களில் ஒரு கம்பெனியின் கம்பத்தில் வெளியேறி அடுத்ததன் கம்பத்தில் மறுபடி தட்ட வேண்டும்.

நாள் குறிக்கும்போது ஏப்ரல் கடைசி வாரத்தையும் மே முதல் வாரத்தையும் தவிருங்கள். ஏப்ரல் 27 அரசர் பிறந்தநாள். ஆம்ஸ்டர்டாம் ரயிலில் நிற்கக்கூட இடமிருக்காது. மே 5 விடுதலை நாள். அதையடுத்து விண்ணேற்ற வியாழன், பெந்தெகொஸ்தே திங்கள் என்று வரிசையாக விடுமுறை வரும். அந்த நாட்களில் பல வாசிப்புக்கூடங்கள் பூட்டியிருக்கும். செப்டம்பர், அக்டோபர் பரவாயில்லை.