லேப்டாப் இழுக்கிறது: ரேம் கூட்டவா, எஸ்.எஸ்.டி. மாட்டவா?

என் ஏழு வருஷத்து லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு, டீ போட்டு, குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால்தான் வேர்ட் திறந்திருக்கும். 4 ஜிபி ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம்), 5400 ஆர்.பி.எம். ஹார்ட் டிஸ்க் (ஃபைல்களைச் சுழலும் தட்டில் சேமிப்பது), விண்டோஸ் 10. சர்வீஸ் கடையில் ஆன் செய்துகூடப் பார்க்காமல், "ரேம் பத்தல சார், இன்னொரு 4 போட்டுரலாம்" என்றார்கள். நான் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக, சுழலும் தட்டே இல்லாத, வேகமான எஸ்.எஸ்.டி.தான் போட்டேன்.

மாட்டுவது இரண்டுமே ஸ்க்ரூடிரைவர் வேலை. எஸ்.எஸ்.டி.க்கு விண்டோஸை குளோன் (அப்படியே நகல்) செய்யவோ புதிதாக ஏற்றவோ வேண்டும். அது ஒரு மாலை நேரத்து வேலை.

என்னை முடிவெடுக்க வைத்தது, லேப்டாப்பில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். லாகின் ஆனதும், எதையும் திறக்காமல் பார்த்தேன்: மெமரி (ரேம்தான்) 58%, டிஸ்க் 100%. பத்து நிமிஷம் ஆகியும் டிஸ்க் இறங்கவில்லை. அத்தனை பாடுபட்டும் அது படித்துக் கொடுத்தது நொடிக்கு 1, 2 எம்பிதான். சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி டிஸ்கைப் படிக்கும் முனையான ஹெட் அங்குமிங்கும் ஓடுவதிலேயே நேரம் போகிறது. ரேமில் இடம் மிச்சமிருக்கும்போது இன்னும் இடம் வாங்கி என்ன செய்வது?

ஆனால் டிஸ்க் 100% என்றாலே டிஸ்க் மேல் பழி போட முடியாது. ரேம் நிரம்பினால் விண்டோஸ் அதில் கொஞ்சத்தை டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைலுக்குத் தள்ளும். அப்போதும் டிஸ்க் 100% தொடும். அதனால் அதே நொடியில் மெமரி எவ்வளவு என்று பாருங்கள். 90-ஐத் தாண்டியிருந்தால், பாதி குரோம் டேப்களை மூடிப் பாருங்கள். டிஸ்கும் சேர்ந்து இறங்கினால் ரேம்தான் பற்றவில்லை. தங்கச்சியின் லேப்டாப் இந்த ரகம். எஸ்.எஸ்.டி. ஏற்கனவே இருந்தது, 4 ஜிபி ரேமில் ஜூமும் இருபது டேப்பும் ஓட, மெமரி 94%. அவளுக்கு ரேம் கூட்டியதும் சரியாகிவிட்டது.

ரேம்தான் என்று முடிவானால், அதே டாஸ்க் மேனேஜரில் ரேம் மாட்டும் ஸ்லாட் எத்தனை காலி என்று பார்த்துவிடுங்கள். ரேமிலும் தலைமுறை உண்டு: டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 பொருந்தாது. மெல்லிய லேப்டாப் சிலவற்றில் ரேமை போர்டோடு சால்டர் செய்தே விட்டிருப்பார்கள். எஸ்.எஸ்.டி.யில் இன்னொரு லாபம்: லேப்டாப் மண்டையைப் போட்டால்கூட அதை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு ஓட்டலாம். பழைய ரேம் டிராயரில்தான் கிடக்கும்.

வீடியோ எடிட்டிங், கேம் பக்கம் நான் போனதில்லை. அங்கே கணக்கு வேறாக இருக்கலாம். டைப்பிங், பிரவுசர், கொஞ்சம் எக்செல் என்று இருக்கும் எனக்கு இப்போது இருபது நொடியில் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. இரண்டாவது ரேம் ஸ்லாட் இன்னும் காலிதான்.