மெமரி ஃபோம் மெத்தை: ஏசி இல்லாத ராத்திரியில் என்ன ஆகும்?

ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டது. நான் வாங்கிய அதே மெத்தை இப்போது ஆறாயிரம் ரூபாய் குறைந்து நிற்கிறது. அந்த வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கும் டீச்சர் விளம்பரத்தைப் பார்த்ததிலிருந்து "வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒரே வார்த்தையில் சொல்ல வராது டீச்சர். முதலில் உங்கள் படுக்கையறை மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிறதா, நடு மாடியில் இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

எங்களுடையது மொட்டைமாடிக்கு நேர் கீழே. ஊர் திருச்சி. சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கும். அந்த அறையில் இந்த மெத்தை மூன்றாவது கோடையைத் தாண்டிவிட்டது. எட்டு அங்குல உயரம். அதில் மேலே இரண்டு அங்குலம்தான் மெமரி ஃபோம், மிச்சம் கெட்டியான சாதாரண ஃபோம். மற்ற விவரமெல்லாம் எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது, அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை.

கடைக்காரர் முதலில் சொல்வது நாசா. சும்மா சொல்லவில்லை, அது உண்மைதான். 1966-இல் சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் நாசாவுக்காகச் செய்த ஃபோம் இது. ஆனால் விமான இருக்கைக்காகச் செய்தது. அதிர்ச்சியைத் தாங்கவும், மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் உடம்பு நோகாமல் இருக்கவும். ராத்திரி இரண்டு மணிக்கு கரண்ட் போன திருச்சி வீட்டில் எட்டு மணி நேரம் படுத்துக் கிடப்பதற்காக அதை யாரும் யோசிக்கவில்லை.

விஷயம் இதுதான். இந்த ஃபோம் சூடு பட்டால் இளகும், குளிர்ந்தால் இறுகும். உடம்பின் வடிவத்துக்கு அது வளைந்து கொடுப்பதே அதனால்தான். உடல் சூடு எங்கெல்லாம் படுகிறதோ அங்கெல்லாம் இளகி, தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ளே இறங்க, இடுப்புக்கு மேலே முதுகில் உள்ள பள்ளத்தை அது வந்து தாங்கும். மார்கழியில் இதை ரசித்துப் பார்க்கலாம். படுத்தவுடன் பலகை மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் போனதும் மெதுவாக வழிவிடும். கையை அழுத்தி எடுத்தால் ஐந்து விரலும் தடமாக நின்று, சுண்டுவிரல் பக்கமிருந்து ஒவ்வொன்றாக நிரம்பி மேலே வரும். என் மகளுக்கு அது விளையாட்டு.

சித்திரையில் அறையே கொதிக்கிறது. நீங்கள் படுப்பதற்கு முன்பே இரண்டு அங்குலமும் இளகித்தான் கிடக்கும். எங்கே தாங்க வேண்டும், எங்கே வழிவிட வேண்டும் என்ற கணக்கெல்லாம் போய், உடம்பு மொத்தமாக அடியில் உள்ள கெட்டி ஃபோம் வரை இறங்கிவிடும். இறங்கினால் என்ன? முதுகு, தொடை, கழுத்து எல்லாம் ஃபோமோடு ஒட்டிக்கொள்ளும். மின்விசிறிக் காற்று மேல்பக்கம் மட்டும் படும். கீழ்ப்பக்க வேர்வைக்குப் போக வழியே கிடையாது. பிரிட்ஜ் சுவருக்குள் குளிர் வெளியே போகாமல் அடைத்து வைத்திருப்பதும் பாலியூரித்தேன் ஃபோம்தான். அது கெட்டி, இது மெது, குடும்பம் ஒன்று. அதன் மேல் படுத்துக்கொண்டு சூடு அடிக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

போன வைகாசியில் ஒரு ராத்திரி கரண்ட் போய் வெகுநேரம் வரவே இல்லை. எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பருத்தி விரிப்பில் என் முதுகும் இரண்டு தோள்பட்டையும் படம் வரைந்தது மாதிரி ஈரமாக இருந்தன. பக்கத்தில் ஆள் படுக்காத இடம் காய்ந்து கிடந்தது. விரிப்பை மாற்றிவிட்டு அந்தக் காய்ந்த பக்கம் நகர்ந்து படுத்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் அப்படியே.

"கூலிங் ஜெல்" என்று நீலப் புள்ளி போட்டு விற்கிறார்களே, என்னுடையதும் அதுதான். பொய் இல்லை, படுத்ததும் ஜில்லென்று இருக்கும். அந்த ஜெல் உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. வாங்கி முடித்ததும் அதற்கும் நமக்கும் ஒரே சூடு, அதற்கு மேல் அது என்ன செய்யும்? கடையில் ஏசி போட்ட ஷோரூமில் இரண்டு நிமிஷம் படுக்கச் சொல்வார்கள். அந்த இரண்டு நிமிஷத்துக்குத்தான் அந்த ஜெல்.

சரி, ஏசி போட்டால் தீர்ந்ததா? தீர்ந்தது. 26-இல் வைத்தாலே ஃபோம் இறுகி, விளம்பரத்தில் சொன்ன எல்லாமும் உண்மையாகிவிடுகிறது. இதை நான் மறைக்க மாட்டேன். ஏசி ஓடும் ராத்திரியில் இதைவிட நல்ல மெத்தையில் நான் படுத்ததே இல்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கரண்ட் பில்லையும் மெத்தை விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே வேறு என்று நம்மில் யாருக்குத் தெரியாது? முன்பெல்லாம் கோடையிலும் தாண்டாமல் சமாளித்தோம். மெத்தை வந்த பிறகு கோடையில் தாண்டாத பில்லே இல்லை.

இனி வாரண்டி கதை. பத்து வருஷம் என்று அட்டையில் தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. என் பக்கம் பள்ளம் விழுகிறது என்று புகார் கொடுத்தேன். தை மாதம், காலை பதினோரு மணி, அறை குளுகுளுவென்று இருக்கும்போது ஒரு தம்பி வந்தார். நைலான் கயிற்றை மெத்தையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். ஒரு முனை என் கையில், ஒரு முனை மாமியார் கையில். நடுவில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "பதினெட்டு மில்லிமீட்டர்தான் மேடம். இருபத்தஞ்சு இருந்தாத்தான் எடுப்பாங்க" என்றார். ஆள் படுக்காத மெத்தையைத்தான் அளப்பார்களாம். ஆள் படுத்தால்தானே தம்பி பிரச்சினை, சித்திரையில் ஒரு ராத்திரி வந்து நான் படுத்திருக்கும்போது அளந்து பாருங்கள் என்றேன். பாவம், அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது உறையில் இருந்த காபிக் கறையை மட்டும் மறக்காமல் போட்டோ எடுத்தார். கறை இருந்தால் வாரண்டி கிடையாது என்று அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. மேலே ஒரு வாட்டர்ப்ரூஃப் உறை போட்டிருந்தால் கறை பட்டிருக்காது. அந்த உறை காற்றையும் விடாது என்பதால், திருச்சியில் அதன் மேல் யார் படுப்பது?

மாமியாருக்கு இந்த மெத்தை மேல் வேறொரு கோபம். மெத்தை என்றால் மாதத்துக்கு ஒரு நாள் மொட்டைமாடியில் வெயில் காட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. இதை வெயிலில் போடக் கூடாது. வெயில் பட்டால் ஃபோம் மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும். தண்ணீர் விட்டுத் துவைக்கவும் கூடாது. "வெயிலும் காட்டக் கூடாது, தண்ணியும் படக் கூடாது, இது என்ன மெத்தையா, மாப்பிள்ளையா?" என்று கேட்டார். அதோடு அவருக்கு முட்டி வலி. இளகிய ஃபோமின் ஓரத்தில் உட்கார்ந்தால் அது அமுங்கிப்போய், எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. வயதானவர்களுக்கு வாங்குகிறவர்கள் படுத்துப் பார்ப்பதோடு நிற்காமல், ஓரத்தில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்து பாருங்கள்.

இவ்வளவு திட்டியாகிவிட்டது. இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள்.

வீட்டுக்காரர் கூட்ஸ் லோகோ பைலட், அதாவது சரக்கு ரயில் ஓட்டுகிறவர். எந்த நேரத்தில் டியூட்டிக்குக் கூப்பிடுவார்கள், எந்த நேரத்தில் டியூட்டி முடியும் என்று அவருக்கே தெரியாது. பழைய ஸ்பிரிங் மெத்தை இருந்தபோது, ராத்திரி ஒன்றரைக்கு அவர் வந்து ஒரு முழங்காலைக் கட்டிலில் வைத்தாலே நான் இந்தப் பக்கம் துள்ளி எழுவேன். அதில் ஸ்பிரிங் எல்லாம் ஒன்றோடொன்று கோத்தது. ஒன்று அமுங்கினால் ஊர் முழுக்கச் செய்தி போகும். எழுந்தால் பிறகு எனக்குத் தூக்கம் வராது. காலையில் எட்டாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தே கொட்டாவி விடுவேன். இந்த மெத்தையில் அவர் எப்போது வந்தார், எப்போது படுத்தார் என்றே எனக்குத் தெரிவதில்லை. காலையில் கண் விழித்தால் பக்கத்தில் ஆள் இருக்கிறார். அதிகாலை நான்கு மணிக்கு அவர் டியூட்டிக்குக் கிளம்பிப் போனதும் அலாரம் அடித்த பிறகுதான் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் தொடர்ந்து தூங்கியது இந்த மெத்தை வந்த பிறகுதான். கடையில் யாரும் இதைச் சொல்லி விற்கவில்லை. முதுகு, தண்டுவடம், "ஆர்த்தோ" என்றுதான் பேசினார்கள்.

அந்த "ஆர்த்தோ" என்ற சொல்லுக்கு நான் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் ஒரு மருத்துவச் சான்று காட்டவில்லை. கல் மாதிரி கெட்டியாக இருப்பதை ஆர்த்தோ என்கிறார்கள். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயினில் நடந்த ஓர் ஆய்வு வந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரைக் கெட்டி மெத்தையிலும் நடுத்தரக் கெட்டி மெத்தையிலும் படுக்க வைத்துப் பார்த்ததில், நடுத்தரத்தில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது. எனக்கும் அப்படித்தான். பிள்ளை பெற்ற பிறகு வந்த இடுப்பு வலி ஏசி மாதங்களில் காணாமல் போகிறது, ஏசி போடாத ராத்திரிகளில் எட்டிப் பார்க்கிறது.

கோடைக்கு ஒரு வழி கிடைத்தது. கண்டுபிடித்தது மாமியார். முசிறிக் கோரைப்பாய் ஒன்றை எடுத்து வந்து மெத்தை மேல் விரித்து, அதன் மேல் மெல்லிய விரிப்பைப் போட்டார். நான் சிரித்தேன். படுத்துப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பாய் உடம்பைத் தாங்கிக்கொள்வதால் ஃபோமுக்குள் இறங்குவதில்லை. கோரைக்கு இடையே கொஞ்சமாவது காற்று ஓடுகிறது, முதுகு ஒட்டுவதில்லை. அடியில் மெத்தை இருப்பதால் தரையில் படுத்த மாதிரி இடுப்பு எலும்பு குத்தவும் இல்லை. மெத்தை மேல் போடுகிற மெல்லிய மெத்தையை டாப்பர் டாப்பர் என்று ஐயாயிரம், ஆறாயிரத்துக்கு விற்கிறார்களே, எங்கள் வீட்டு டாப்பர் இதுதான். குறையும் உண்டு. காலையில் கையில் பாய் வரி பதிந்திருக்கும். பாய் வழுக்கி நகர்ந்துகொண்டே போகும். கால்மாட்டில் செருகி வைக்க வேண்டும். மெமரி ஃபோம் செய்ய வேண்டிய வேலையைப் பாய் செய்யவிடாது என்பதும் உண்மை. அதாவது ரூ.22,000 கொடுத்து வாங்கியதை வருஷத்தில் மூன்று மாதம் பாய்க்கு அடிவிரிப்பாக வைத்திருக்கிறேன்.

கணக்கு டீச்சருக்காக ஒரு கணக்கு. முழு மெத்தை வேண்டாம், இருக்கிற மெத்தை மேல் மெமரி ஃபோம் டாப்பர் மட்டும் போடலாம் என்றால் எடை போட்டு வாங்குங்கள். ஆறேகால் அடிக்கு ஐந்தடி, இரண்டு அங்குலம் என்றால், 50 டென்சிட்டி (ஒரு கன மீட்டர் ஃபோம் 50 கிலோ) என்று சொல்கிற டாப்பர் உறை இல்லாமல் ஏழரைக் கிலோ அருகில் இருக்க வேண்டும். நாலரைக் கிலோ இருந்தால் அது 30 டென்சிட்டிதான், சீக்கிரம் அமுங்கிப்போகும். கீழே உள்ள மெத்தையில் ஏற்கெனவே குழி இருந்தால் டாப்பரும் அதே குழியில்தான் உட்காரும், காசு தண்டம். சுருட்டிப் பாக்கெட் போட்டு வருவதைப் பிரித்ததும் அடிக்கிற பெயிண்ட் வாடையைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்தால் சில நாளில் போய்விடும்.

இன்னொன்று டீச்சர். உங்கள் வீட்டில் இருப்பது அம்மா வீட்டுச் சீதனக் கட்டில், ஆறேகாலுக்கு நாலு. அந்த அளவு ரெடிமேடாகக் கிடைக்காவிட்டால் சொல்லி வெட்ட வேண்டியிருக்கும். "100 நாள் படுத்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள்" என்பதெல்லாம் வெட்டிக் கொடுத்த அளவுக்குச் செல்லுமா என்று பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எனக்கு விற்ற கடையில் செல்லாது என்று பிறகுதான் சொன்னார்கள்.

ஆக, வாங்கலாமா? ஏசி இல்லாத மேல்மாடி அறைக்கு வேண்டாம், ஆறாயிரம் குறைத்தாலும் வேண்டாம், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். என்னுடையதை எடுத்துக்கொள்கிறேன் என்று நேற்று ஸ்டாஃப் ரூமில் விலை கேட்டீர்களே, அதுவும் முடியாது. நான் தர மாட்டேன்.