மூட்டுவலிக்கு மார்த்தாண்டத்தில் ஓர் இயன்முறை மருத்துவ நிலையம்: ஒரு மதிப்பீடு

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் சந்தையிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள ஓர் இயன்முறை மருத்துவ (பிசியோதெரபி) நிலையத்துக்கு என் அம்மாவை அழைத்துக்கொண்டு கடந்த மழைக்காலம் முழுவதும் போய்வந்தேன். அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலையில் பல்லாண்டுகள் தரையில் அமர்ந்து முந்திரிப்பருப்பு எடுத்தவர் அவர். இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. இருவர் மட்டுமே பணிபுரியும் சிறிய இடம் அது. பெயரை எழுதி விளம்பரமாக்க வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் அதைத் தவிர்க்கிறேன். மூட்டுவலிக்கென்று எதை நம்பிப் பணம் கொடுக்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு அங்கு கண்டவை பயன்படும்.

அந்த நிலையத்தின் பெரிய சிறப்பு, எந்த மூட்டு நோய் என்று தெரியாமல் எந்தக் கருவியையும் தொடுவதில்லை என்பதே. முதல் நாள் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கேள்விகளிலேயே கழிந்தது. "அம்மா, காலையில் எழுந்ததும் கால் பிடித்துக்கொண்டது போல இருக்கிறதா? அது விட எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதுதான் முதல் கேள்வி. மூட்டின் குருத்தெலும்பு தேயும் தேய்மான வாதத்தில் இந்த இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்கும் முடக்குவாதத்தில் அது ஒரு மணி நேரத்தையும் தாண்டும், இரண்டு கைகளின் விரல் மூட்டுகளும் மணிக்கட்டுகளும் ஒருசேர வீங்கும். பிறகு, முன்பு சிக்குன்குனியா வந்ததுண்டா என்று கேட்டார்கள். 2006-இல் அந்தக் காய்ச்சல் நாடெங்கும் பரவியபோது, காய்ச்சல் விட்ட பின்னும் மாதக்கணக்கில் மூட்டுவலியோடு திரிந்தவர்களை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். படியில் ஏறுவது கடினமா, இறங்குவது கடினமா என்றுகூடக் கேட்டார்கள். நாங்கள் கொண்டுபோன எக்ஸ்ரே படத்தைக் கடைசியில்தான் பார்த்தார்கள். படத்தில் தெரியும் தேய்மானத்தின் அளவும் வலியின் அளவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்று அவர்கள் சொன்னது, எக்ஸ்ரேயைப் பார்த்ததும் அழுதுவிட்டிருந்த அம்மாவுக்குப் பெரிய ஆறுதல்.

காத்திருந்தபோது கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடிக்கும் நிலையில் வந்த கடற்கரைக்காரர் ஒருவரை, கட்டணம் வாங்காமல், உடனே மருத்துவரைப் பார்க்கும்படி அனுப்பிவிட்டார்கள். இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி மூட்டில் படிகமாகப் படியும் கீல்வாதம் இப்படித்தான் பெரும்பாலும் ஒரே இரவில் வரும். மதுவும், சாளை, நெத்தோலி போன்ற மீன்களும் அதைக் கூட்டக்கூடியவை. அந்த நிலையில் எண்ணெய் போட்டு அழுத்தித் தடவினால் வேதனைதான் மிஞ்சும். ஒரே ஒரு மூட்டு சூடாக வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால், அது கிருமித்தொற்றாக இருக்கக்கூடும் என்பதால் மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும். வருபவரை இப்படித் திருப்பி அனுப்பும் துணிவு வியாபாரத்துக்கு நல்லதல்ல, நோயாளிக்கு நல்லது.

சிகிச்சையின் பெரும்பகுதி உடற்பயிற்சியே. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடைத்தசையை இறுக்கி அதைக் கீழ்நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுவது. காலை மடக்காமல் தூக்குவது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. பார்ப்பதற்கு அற்பமாகத் தோன்றும் இவைதான் முழங்காலைத் தாங்கும் தசைகளுக்கு வலுவூட்டுகின்றன. தரையில் அமர்ந்து தேங்காய் திருவுவதையும் குத்தவைத்து உட்காரும் கழிப்பறையையும் விடச் சொன்னார்கள். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத செய்தி. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும் என்று அவர்கள் விளக்கியபின், மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கும்) சோறும் ஒரே வேளையில் சேர்ந்து வருவது எங்கள் வீட்டில் நின்றுபோனது.

மின் தூண்டல் கருவியும் அல்ட்ராசவுண்ட் கருவியும் அங்கே இருக்கின்றன. ஆனால் தேய்மான வாதத்துக்கு இவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றும், உடற்பயிற்சியும் எடைக்குறைப்புமே அடிப்படை என்றும் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அம்மாவுக்கு ஓரிரு முறை மின் தூண்டல் கொடுத்தார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது, வேறு பயன் எனக்குத் தெரியவில்லை. வற்புறுத்தாததற்கு நன்றி சொல்வேன்.

குறைகளும் உண்டு. முழங்கால் நோயாளிகளுக்கான நிலையம் முதல் மாடியில், மின்தூக்கி இல்லாமல், செங்குத்தான படிகளோடு இருக்கிறது. இதை நகைச்சுவை என்று எடுத்துக்கொள்ள அம்மா மறுத்துவிட்டார். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளுக்கான தாள் ஆங்கிலத்தில் இருந்ததால் நான் உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொடுத்தேன். ஓர் அமர்வுக்கு 300 ரூபாய் என்பது தினக்கூலிக் குடும்பத்துக்குச் சிறிய தொகை அல்ல. அப்படிப்பட்டவர்கள் ஆசாரிபள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். படுக்கையை விட்டு எழ இயலாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள்.

நம் மாவட்டத்தில் வர்ம ஆசான்களுக்கும் எண்ணெய்த் தடவலுக்கும் உள்ள மதிப்பை நான் குறைத்துப் பேசவில்லை. கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனை போல, என்ன நோய் என்று பார்த்துச் சிகிச்சை தரும் இடங்களும் இங்கே இருக்கின்றன. ஆனால் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாமல் பொட்டலத்தில் தரப்படும் பொடிகளை வாங்காதீர்கள்; ஸ்டீராய்டு கலந்த பொடி வலியைச் சில நாளில் அடக்கிவிடும், பிறகு எலும்பையும் சர்க்கரை அளவையும் கெடுக்கும். முடக்குவாதம் உள்ளவர்கள் மருத்துவர் எழுதித்தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இந்த நிலையத்துக்கோ வேறெங்குமோ போகக் கூடாது. அந்நோய்க்குப் பெரும்பாலும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே எடுக்க வேண்டியது, தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதையும் அங்கே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

அம்மாவின் வலி முற்றிலும் போகவில்லை. தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளராது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். இப்போது பேருந்துப் படியில் பிறர் கைகொடுக்காமல் ஏறுகிறார், இரவில் தூங்குகிறார், முழங்கால் மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றி இப்போதைக்கு யாரும் பேசவில்லை. போக விரும்புபவர்கள் பழைய எக்ஸ்ரேயையும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள். சந்தை கூடும் நாட்களில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மற்ற நாட்களில் முற்பகலில் போவது நல்லது.