பிரியஸுக்கு மேலதிக பற்றரி போட்டு ‘பிளக் இன்’ (வீட்டில் சார்ஜ் பண்ணி ஓடும் கார்) ஆக்கப் போகிறவர்கள் காசு கொடுக்க முதல் இதை வாசியுங்கோ

நேற்றிரவு நண்பர் ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரப் படம் அனுப்பினார். சாம்பல் நிறப் பிரியஸ் ஒன்றின் பின்பக்கம் திறந்திருக்கிறது, உள்ளே நீல உறை போட்ட பதினாறு செல் வரிசையாக அடுக்கியிருக்கிறது, கீழே ‘புத்தம் புதிய லிதியம் பற்றரி, இனிப் பெற்றோல் கவலை இல்லை’ என்று எழுதியிருக்கிறது. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். இடது பக்கமிருந்து நாலாவது செல்லின் உறையில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அந்தக் கீறலைப் போட்டது நான். 2023 மாசியில் என் காரிலிருந்து அதைக் கழற்றும்போது ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது. நான் திருப்பிக் கொடுத்த அதே பெட்டி இப்போது இன்னொருவருக்குப் புத்தம் புதிதாகப் போயிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நாள் வெட்கத்தில் பேசாமல் இருந்தவன் இதை எழுதுகிறேன்.

கராஜின் பெயரைப் போடப் போவதில்லை, ஊரைச் சொன்னாலே நீங்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால் ஊரையும் சொல்லவில்லை. ஆளைவிட அவர் செய்த விதம்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் அதே வித்தையை வேறு இடத்தில் வேறு ஆளும் காட்டலாம்.

என்னுடையது 1.8 லீற்றர் எஞ்சின் பிரியஸ், பெற்றோல் எஞ்சினும் பற்றரியும் மாறி மாறி ஓட்டுகிற டொயோட்டா ஹைபிரிட் கார், மூன்றாம் தலைமுறை, ஜப்பானிலிருந்து வந்தது, திரையில் பாதி எழுத்து இன்றுவரை எனக்கு விளங்காது. யாழ்ப்பாணத்திலிருந்து கொடிகாமத்துக்குப் பள்ளிக்கூடம் போய்வர ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். லீற்றருக்கு 20 ஓடும். அதாவது நாளுக்கு இரண்டரை லீற்றர், ஐந்து நாளுக்குப் பன்னிரண்டரை. 2022 ஆடியில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் கொடுத்தார்கள். கணக்குப் பார்த்தால் எனக்கு அது போதும். ஆனால் அதற்கு முதல் மாதம் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போய், அதுவும் கிடைக்காமல், செட்டுக்கு முன்னால் காருக்குள்ளேயே இரண்டு இரவு படுத்து எழும்பியவனுக்குக் கணக்கு எங்கே வேலை செய்யும்? நான் படிப்பிப்பதே கணிதம் என்பதை இந்த இடத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்படி இருக்கும்போதுதான் இந்தக் கராஜ்கார அண்ணையிடம் போனேன். மரியாதையான மனுசன், தேத்தண்ணி தந்துதான் கதைக்கத் தொடங்கினார். “மாஸ்டர், உங்கட காரில இருக்கிற பற்றரி சின்னப் பற்றரி. நான் பின்னுக்கு ஒரு பெரிய பற்றரி வைச்சுத் தாறன். இரவில வீட்டில பிளக்கைக் குத்துங்கோ, காலமை 30 கிலோமீற்றர் எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது. ஒரு வருசத்தில போட்ட காசு வந்திடும்.” அமெரிக்காவில் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார்.

இதில் முழுப் பொய் என்று எதையும் சொல்ல முடியாது, அதுதான் கெட்டித்தனம். பிரியஸின் சொந்தப் பற்றரி உண்மையில் சின்னதுதான். நிக்கல் மெற்றல் ஹைட்ரைட், 28 துண்டு, 201.6 வோல்ட், மொத்தக் கொள்ளளவு வீட்டுக் கணக்கில் 1.3 யூனிற். அதிலும் ஆயுளைக் காப்பாற்றக் கார் ஒரு பங்கைத்தான் பயன்படுத்தும். அமெரிக்காக் கதையும் உண்மை: 2004 இல் கலிபோர்னியாவில் கல்கார்ஸ் என்ற குழு ஒரு பிரியஸுக்குள் சாதாரண ஈய அமிலப் பற்றரிகளை அடுக்கி ஓட்டிக் காட்டியது. பிறகு ஹைமோஷன் என்ற பெயரில் 5 யூனிற் லிதியம் பெட்டி, மோதல் சோதனை எல்லாம் செய்து, 10,000 டொலர் அளவில் விற்றார்கள். 2012 இல் டொயோட்டாவே 4.4 யூனிற் பற்றரியோடு பிளக் இன் பிரியஸை விற்பனைக்கு விட்டது. ஆக, நடக்காத காரியம் ஒன்றும் இல்லை. இதையெல்லாம் காசு கொடுத்து முடிந்த பிறகுதான் தேடி வாசித்தேன் என்பது வேறு கதை.

மொத்தம் 6 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. சீட்டுக் காசு 4 இலட்சத்தை முற்பணமாகக் கட்டினேன். பதினாறு லிதியம் இரும்பு பொஸ்பேற் செல், ஒவ்வொன்றும் 100 ஆம்பியர் மணி, தொடராகக் கட்டினால் 51 வோல்ட், அதாவது 5 யூனிற்றுக்குக் கொஞ்சம் மேலே. அந்த 51 வோல்ட்டை ஒரு கன்வேட்டர் 200க்கு மேலே உயர்த்திக் காரின் சொந்தப் பற்றரிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். கார் தன் பற்றரி எப்போதும் நிரம்பியிருக்கிறது என்று நினைத்து எஞ்சினைக் குறைவாக ஓட்டும். இதுதான் ஏற்பாடு.

வேலை முடிந்த அன்று ஒரு ஓட்டம் காட்டினார். திரையில் பற்றரியின் எட்டுக் கோடும் நிரம்பியிருந்தது. ஈவி பொத்தானை (எஞ்சின் இல்லாமல் பற்றரியில் மட்டும் ஓட வைக்கும் பொத்தானை) அமத்தி, கராஜுக்குப் பின்னால் இருக்கும் மட்டமான ஒழுங்கையில் சைக்கிள்காரனை முந்தாத வேகத்தில் ஒன்றரைக் கிலோமீற்றர் போய் வந்தோம். எஞ்சின் சத்தமே இல்லை. சந்தோஷத்தில் மிச்சம் 2 இலட்சத்து 80 ஆயிரத்தையும் அந்த இடத்திலேயே எண்ணிக் கொடுத்தேன். அவர் ஒரு துண்டில் ‘பற்றரி வேலை, பணம் பெற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் எழுதித் தந்தார். நானும் வாங்கிப் பொக்கற்றுக்குள் வைத்தேன்.

இங்கேதான் கவனியுங்கோ. பற்றரி நிரம்பியிருந்தால், ஈவி பொத்தானை அமத்தி மெதுவாகப் போனால், எந்தப் பிரியஸும் ஒன்று இரண்டு கிலோமீற்றர் எஞ்சின் இல்லாமல் போகும். கடையிலிருந்து வந்தபடியே போகும். அவர் எனக்குக் காட்டியது என்னுடைய பழைய பற்றரியின் வேலையை. புதுப் பெட்டிக்குள் செங்கல்லை வைத்திருந்தாலும் அன்று அப்படித்தான் ஓடியிருக்கும்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகும்போது ஏ9 வீதியில் 60ஐத் தொட்டவுடன் எஞ்சின் எழும்பியது. தொலைபேசி எடுத்தேன். “புதுசு மாஸ்டர், பழகட்டும்” என்றார். கார் பழக இது என்ன கன்றுக்குட்டியா? பிறகுதான் விளங்கியது: அந்த வேகத்தில் போகத் தேவையான சக்தி கன்வேட்டர் தள்ளக்கூடிய மூன்று கிலோவாட்டைவிடக் கூட. மிச்சத்துக்குச் சொந்தப் பற்றரியிலிருந்து எடுக்க வேண்டும், அது இறங்க எஞ்சின் வரத்தான் செய்யும். ஆக இப்படிப்பட்ட பெட்டி எஞ்சினுக்குக் கை கொடுக்குமே தவிர எஞ்சினை நிற்பாட்டாது. பெட்டி நல்லதாக இருந்தாலும் இதுதான் நிலை.

பெட்டி நல்லதா என்ற கேள்வி எனக்கு வந்ததே ஒரு சந்தோஷத்தால். சார்ஜ் ஆக ஐந்து மணித்தியாலம் எடுக்கும் என்றிருந்தார், இரண்டே கால் மணித்தியாலத்தில் சார்ஜரில் பச்சை லைற் வந்துவிட்டது. மின்வெட்டு நேரத்தில் கெதியாக முடிகிறதே, நல்ல சார்ஜர் போட்டிருக்கிறார் என்று இரண்டு கிழமை மனிசிக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவதான் ஒரு நாள் கேட்டா: “கெதியா நிரம்புற குடம் சின்னக் குடமாயும் இருக்கலாம்தானே?”

அன்று இரவு வீட்டில் எல்லாச் சுவிட்சையும் நிற்பாட்டி, குளிர்சாதனப் பெட்டியையும் கழற்றி, கார் சார்ஜரை மட்டும் விட்டுவிட்டு மின்சார மீற்றரை ரோச் அடித்துப் பார்த்து எழுதினேன். சார்ஜ் முடியத் திரும்பப் பார்த்தேன். ஏறியது 2.3 யூனிற். அடுத்த இரவு 2.2. மூன்றாம் இரவு திரும்ப 2.3. ஐந்து யூனிற் பெட்டி வெறுமையிலிருந்து நிரம்பினால், சார்ஜரில் சூடாகப் போவதையும் சேர்த்து, ஐந்தரைக்குக் கிட்டக் காட்ட வேண்டும். என் பெட்டிக்குள்ளே போனது இரண்டு யூனிற்.

பெட்டியின் மூடியைக் கழற்றினேன். புது நீல உறை வடிவாகத்தான் இருந்தது. ஆனால் செல்லின் தலையில் தொழிற்சாலை பொறிக்கும் கியூஆர் கட்டம் எல்லாவற்றிலும் சுரண்டப்பட்டிருந்தது. அலுமினிய முனைகளில் பழைய பட்டையை வெல்ட் பண்ணியிருந்த தடம், அதை அரத்தால் அராவி மட்டமாக்கியிருக்கிறார்கள், கையால் தடவினால் வரி வரியாகத் தெரிகிறது. எங்கேயோ பல வருடம் உழைத்த செல்லுக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள். வோல்ட் மீற்றரை வைத்துச் சும்மா அளந்தால் பதினாறும் ஒரே அளவு, 3.3. அதைத்தான் அவர் எனக்கு முன்னமே அளந்து காட்டியிருந்தார். லோட் கொடுத்து, அதாவது மின்சாரத்தை இழுக்க வைத்து, அளந்தபோது பதினொன்று தாக்குப்பிடித்தது, ஐந்து செல் 2.5க்கு விழுந்தது. தொடராகக் கட்டியது என்றால் நோஞ்சான் மாடு எவ்வளவு இழுக்குதோ அவ்வளவுதான் வண்டி. ஒரு செல் விழுந்தவுடன், செல்களைக் காவல் பார்க்கிற பி.எம்.எஸ் சேர்க்கிட் முழுப் பெட்டியையும் வெட்டிவிடும்.

என்னை உண்மையில் பயப்படுத்தியது வேறு. கன்வேட்டரிலிருந்து வரும் வயரைக் காரின் செம்மஞ்சள் கேபிளோடு, 200 வோல்ட் ஓடுகிற கேபிளோடு, முறுக்கி ரேப் சுற்றியிருந்தார்கள். நடுவில் பியூஸ் கிடையாது. ஒரு செப்புப் பட்டையின் நட் கையாலேயே சுழன்றது, அதற்குப் பக்கத்து பிளாஸ்டிக் உறை கபில நிறத்தில் உருகிச் சுருண்டிருந்தது. 2008 இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் இப்படி மாற்றிய ஒரு பிரியஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிந்தது, சரியாக முறுக்காத மின் இணைப்பு சூடானதுதான் காரணம் என்று பிறகு வாசித்தேன். அந்தப் பெட்டிக்கு முன்னால் இருக்கிற சீற்றில்தான் என் இரண்டு பிள்ளைகளும் ஒரு மாதம் இருந்து வந்தார்கள்.

இன்னொன்று. ஒரு மழை நாள் சார்ஜில் நிற்கும்போது வெறுங்காலோடு கதவைத் தொட்டேன், கை கூசியது. வீட்டு ட்ரிப் சுவிட்சும் இடைக்கிடை விழுந்தது. அண்ணையைக் கேட்டால் “அந்த மூன்றாவது பின்னைக் கழற்றிவிடுங்கோ மாஸ்டர், விழாது” என்கிறார். ஏர்த்தைக் கழற்றச் சொல்கிற ஆளிடம் உங்கள் காரை ஒரு நிமிடமும் விடாதேயுங்கோ.

கடைசியில் மார்கழியில் திரையில் சிவப்பு முக்கோணம் வந்தது. ஸ்கானர் போட்டால் பி0ஏ80, காரின் சொந்தப் பற்றரியை மாற்றச் சொல்கிற கோட். பெட்டியை வைத்து மேலே கம்பளம் விரித்ததில், பின் சீற் ஓரத்தில் சொந்தப் பற்றரிக்குக் காற்று இழுக்கிற வாய் பாதி அடைபட்டிருக்கிறது. ஓயாமல் நிரப்பிக்கொண்டும் காற்று விடாமலும் வைத்தால் எது தாங்கும்? “உங்கட பற்றரி எப்படியும் போகத்தான் இருந்தது” என்று சொல்லிவிட்டார். அதற்குத் தனியாக 2 இலட்சத்துக்கு மேல் போனது, வேறு கராஜில்.

ஒரு வருடத்தில் காசு வரும் என்றாரே, அந்தக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். இரண்டு யூனிற் என்றால் 12 கிலோமீற்றர், மிச்சமாகும் பெற்றோல் 0.6 லீற்றர், அப்போதைய 450 ரூபா விலைக்கு நாளுக்கு 270. மாதம் 22 நாள் ஓடினால் 5,940. 6 இலட்சத்து 80 ஆயிரம் திரும்ப வர ஒன்பதரை வருடம், அதுவும் மின்சாரம் சும்மா கிடைத்தால். 2022 ஆவணியில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதம் கூடியது, 2023 மாசியில் இன்னொரு 66. சொன்னபடி நல்ல 5 யூனிற் பெட்டியாக இருந்து 30 கிலோமீற்றர் கிடைத்திருந்தால்கூட ஏறக்குறைய நாலு வருடம். இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளை போடும். அந்தத் தேத்தண்ணியைக் குடிக்க முதல் நான் போடவில்லை.

நாலு தரம் போய் நின்று சண்டை பிடித்துப் பெட்டியைக் கொடுத்து 2 இலட்சம் வாங்கினேன். மிச்சத்துக்கு நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்தேன், பொறுமையாகத்தான் கேட்டார்கள், பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்றார்கள். ‘பற்றரி வேலை’ என்று வாசித்துக் காட்டும்போது எனக்கே சிரிப்பு வந்தது. காப்புறுதி முகவரையும் கேட்டேன், அறிவிக்காமல் இப்படி மாற்றிய கார் எரிந்திருந்தால் கிளெயிமை மறந்துவிடச் சொன்னார்.

போடத்தான் போகிறீர்கள் என்றால் முழுக் காசையும் கொடுக்காமல் காரைக் கொண்டு வாருங்கோ. ஓடி வெறுமையாக்கி, வீட்டு மீற்றரில் மூன்று இரவு அளந்து, அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கோ. செல்லின் எண்ணிக்கை, கொள்ளளவு, புதிதா பழசா என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கோ. எழுத மாட்டேன் என்றால் எழும்பி வந்துவிடுங்கோ. திரையில் எட்டுக் கோடு நிரம்பியிருப்பது உங்கள் பழைய பற்றரியின் கதை, புதுப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அந்தத் திரைக்குத் தெரியாது.

அந்தச் சாம்பல் நிறப் பிரியஸ்காரர் யார் என்று எனக்குத் தெரியாது. இது உங்கள் கையில் கிடைத்தால், பின்னுக்குக் கம்பளத்தைத் தூக்கி, இடது பக்கமிருந்து நாலாவது செல்லைப் பாருங்கோ. கீறல் இருந்தால் இன்றிரவே பிளக்கைக் கழற்றிவிட்டு, நட்டுகள் இறுகியிருக்கிறதா என்று வேறு ஆளைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கோ, நீங்கள் கை வைக்காதேயுங்கோ. நொந்த ஐந்து செல்லும் எவை எவை என்று என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புவேன்.